எதை விடுவது? யாரை விடாதிருப்பது?



ஞாயிறு ஆராதனை முடிந்து ஜெபத்துக்கு வந்து நிற்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்கிறது ஒரே கேள்விதான். இந்தக் கடையை இன்னும் நடத்தலாமா, மூடிவிடலாமா? இந்தப் பரீட்சையை நாலாவது தடவையும் எழுதட்டுமா? இந்த வேலையிலேயே இருக்கவா, வேறு இடம் பார்க்கவா? ரொம்ப காலம் நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். கலப்பையில் கை வைத்தாச்சு, இனி பின்னால் பார்க்கக் கூடாது என்று சொல்லி, தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பிவிடுவேன். விடுகிறது அவிசுவாசம், தொடருகிறதுதான் விசுவாசம் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு என்று எனக்கு என் சொந்த வாழ்க்கையில்தான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு மனுஷருடைய ஜீவிய சரித்திரத்தைச் சொல்லவேண்டும். அவர் மிஷனெரி அல்ல, ஊழியக்காரரும் அல்ல. பனிக்கண்டத்துக்குப் பிரயாணம் போனவர். பெயர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன்.

1874-ம் வருஷம் பிப்ரவரி 15-ம் தேதி அயர்லாந்தில் கில்டேர் மாவட்டத்தில் பிறந்தார். வீட்டில் பத்துப் பிள்ளைகள், இவர் இரண்டாவது. தகப்பனார் விவசாயத்தை விட்டுவிட்டு வைத்தியம் படித்து டாக்டரானவர். குடும்பம் லண்டனுக்குக் குடிபோனது. மகனும் டாக்டராக வேண்டும் என்று தகப்பனாருக்கு ஆசை. பையனுக்கோ சமுத்திரத்தின்மேல் ஆசை. 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் பாய்மரக் கப்பலில் ஏறினார். 24 வயதில் ஒரு கப்பலுக்குத் தலைமை தாங்கும் சர்ட்டிபிகேட் வாங்கிவிட்டார்.

அந்தக் காலத்தில் தென்துருவத்தில் மனுஷன் கால் பட்டதில்லை. அங்கே முதலாவது யார் போவது என்று தேசங்களுக்குள் பெரிய போட்டி. 1901-ல் கேப்டன் ஸ்காட் நடத்திய பிரயாணத்தில் ஷாக்கிள்டனும் சேர்ந்தார். ஸ்காட், டாக்டர் வில்சன், இவர் ஆகிய மூன்று பேரும் 1902 டிசம்பர் கடைசியில், அதுவரை யாரும் போகாத தெற்கு எல்லை வரைக்கும் நடந்தார்கள். ஆனால் திரும்பும்போது மூவருக்கும் ஸ்கர்வி வியாதி. ஷாக்கிள்டன் இருமி இருமி இரத்தம் கக்கினார். 1903-ல் ஸ்காட் அவரை முன்கூட்டியே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். ஸ்காட்டும் வில்சனும் அங்கே தங்க, இவர் நோயாளியாய் வீடு திரும்பினார். அது அவருக்குப் பெரிய அவமானம். நான் யாரென்று காட்டுகிறேன் பார் என்கிற வைராக்கியம் அப்போது உள்ளே புகுந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். அவமானத்தில் பிறக்கிற வைராக்கியம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும்? பெரும்பாலும் குழியில்தான் விடும். ஷாக்கிள்டனும் அந்தக் குழியின் விளிம்பு வரைக்கும் போனார்.

1907-ல் நிம்ரோட் என்ற சின்னக் கப்பலில், ஊரெல்லாம் பணம் திரட்டி, தானே தலைவராகப் புறப்பட்டார். 1908 அக்டோபர் 29-ம் தேதி நாலு பேர் துருவத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். ஷாக்கிள்டன், பிராங்க் வைல்ட், டாக்டர் மார்ஷல், ஆடம்ஸ். கூட நாலு மட்டக்குதிரைகள். மூன்று குதிரைகளை வழியில் கொல்ல வேண்டியதாயிற்று. கடைசிக் குதிரை டிசம்பர் 7-ம் தேதி பனிப்பிளவில் விழுந்து காணாமல் போனது. அதன்பின் சுமை முழுவதையும் மனுஷரே இழுத்தார்கள். வயிற்றுக்குப் போதாத சாப்பாடு, மூச்சுத் திணறும் உயரம், முகத்தில் அறைகிற பனிக்காற்று. இப்படி எழுபது நாளுக்கு மேல்!

1909 ஜனவரி 9-ம் தேதி காலையில் 88 பாகை 23 கலை என்ற இடத்தில் கொடியை நட்டார்கள். தென்துருவத்துக்கு இன்னும் சுமார் 180 கிலோமீட்டர்தான் இருந்தது. நமக்கு அது பஸ்ஸில் ஏறினால் மூன்றரை மணி நேரம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்தவருக்கு அது ஒரு தூரமா? தொட்டுவிடலாம். உலகமே பேசும். ஸ்காட்டுக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

ஆனால் ஷாக்கிள்டன் சாப்பாட்டு மூட்டையைப் பார்த்தார், கூட வந்த மூன்று பேருடைய முகத்தையும் பார்த்தார். துருவம் வரைக்கும் போக முடியும், ஆனால் உயிரோடு திரும்ப முடியாது என்று கண்டுகொண்டார். திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபின் மனைவியிடம் அவர் சொன்ன காரணத்தின் கருத்து, பிரசங்கி 9-ம் அதிகாரத்தில் செத்த சிங்கத்தைப் பற்றி வருகிறதே, அதுவேதான். செத்த வீரனைவிட உயிரோடிருக்கிற புருஷன் அந்த அம்மாளுக்கு வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார்.

திரும்பின வழியும் லேசானதல்ல. ஒரு சேமிப்பு இடத்திலிருந்து அடுத்ததற்குப் போய்ச் சேருமுன் சாப்பாடு தீர்ந்துபோகும். ஜனவரி 31-ம் தேதி, வைல்டுக்கு வயிற்றுக்கடுப்பு, குதிரை இறைச்சி இறங்கவில்லை. அன்று காலையில் ஷாக்கிள்டனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிஸ்கட். அதை வைல்டுடைய கையில் திணித்து, கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்தார். வைல்ட் அதை அன்றே டைரியில் எழுதி வைத்தார். இந்த பிஸ்கட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவில் டாக்டர் மார்ஷல் நடக்க முடியாமல் படுத்துவிட்டார். ஆடம்ஸை அவருக்குத் துணையாக விட்டு, ஷாக்கிள்டனும் வைல்டும் கப்பலைப் பிடிக்க ஓடினார்கள். கரைக்கு வந்தால் கப்பல் இல்லை! மறுநாள் அங்கிருந்த ஒரு சின்னக் குடிசைக்குத் தீ வைத்து அடையாளம் காட்டினார்கள், கப்பல் திரும்பி வந்தது. அப்போது அவர் படுத்துத் தூங்கியிருக்கலாம். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். ஆனால் சில மணி நேரத்திலேயே, விட்டுவந்த இரண்டு பேரையும் கூட்டிவர அவரே திரும்ப நடந்து போனார். நாலு பேரும் உயிரோடு ஊர் சேர்ந்தார்கள்.

பிரியமானவர்களே, துருவத்தை விட்டவர் ஆளை விடவில்லை. இதுதான் இந்தச் செய்தியின் சாரம்.

பிறகு 1911 டிசம்பர் 14-ம் தேதி நார்வே தேசத்து ஆமுன்ட்சன் துருவத்தை அடைந்தார். ஸ்காட் 1912 ஜனவரி 17-ல் அடைந்தார், ஆனால் திரும்பும் வழியில் அவரும் கூடப்போன நாலு பேரும் மரித்துப்போனார்கள். ஸ்காட்டைக் குறை சொல்ல நான் யார்? அவர் மகா தைரியசாலி. நான் சொல்வது இவ்வளவுதான்: ஷாக்கிள்டன் அன்று 180 கிலோமீட்டருக்கு ஆசைப்பட்டிருந்தால், அந்த நாலு பேருடைய கதையும் அப்படித்தான் முடிந்திருக்கும்.

இனி அந்தச் சரித்திரத்தின் இரண்டாம் பாகம். துருவத்தை மற்றவர்கள் பிடித்துவிட்டபடியால், பனிக்கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் குறுக்கே நடந்து கடப்பேன் என்று 1914-ல் எண்டியூரன்ஸ் என்ற கப்பலில் புறப்பட்டார். சகித்து நிலைத்திருத்தல் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். கப்பலில் 28 பேர். 1915 ஜனவரியில், தரையைத் தொடுமுன்னே, கடல் உறைந்து கப்பல் பனிக்குள் மாட்டிக்கொண்டது. பத்து மாதம் அப்படியே கிடந்தது. பனி நெருக்கி நெருக்கிக் கப்பலை நொறுக்கியது. அக்டோபர் 27-ம் தேதி எல்லாரும் பனிமேல் இறங்கினார்கள். நவம்பர் 21-ல் கப்பல் மூழ்கிவிட்டது.

அன்றைக்கே ஷாக்கிள்டன் தன் மனதுக்குள் ஒரு புத்தகத்தை மூடி இன்னொன்றைத் திறந்தார். கண்டத்தைக் கடக்கும் காரியம் முடிந்தது, இனி நம்முடைய வேலை 28 பேரும் வீடு போய்ச் சேருவது என்று ஆட்களிடம் அமைதியாகச் சொல்லிவிட்டார். வருஷக்கணக்காய்ப் பணம் சேர்த்து, கடன் வாங்கி, கனவு கண்ட காரியம்! அதற்காக உட்கார்ந்து அழவில்லை.

ஆளுக்கு ஒரு கிலோவுக்குள்தான் சொந்தச் சாமான் வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டார். முதலாவது தானே பாக்கெட்டிலிருந்த தங்கக் காசுகளைப் பனியில் எறிந்தார். அப்புறம் அவர் செய்ததைக் கேட்டால் நமக்கு நெஞ்சு பதறும். அலெக்சாந்திரா ராணி கப்பலுக்குக் கொடுத்த கனமான வேதாகமத்தையும் கீழே வைத்துவிட்டார். ராணி எழுதிக்கொடுத்த முன்பக்கத்தையும், 23-ம் சங்கீதத்தையும், யோபுவில் பனியையும் உறைபனியையும் பற்றி வரும் பக்கத்தையும் மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டார். மக்லியட் என்ற மாலுமி அந்த வேதாகமத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தன் மூட்டையில் ஒளித்துக்கொண்டார். இதில் யார் செய்தது சரி என்று வீட்டில் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். ஆனால் ஒன்று, தங்கத்தை எறிந்தவர் ஹஸ்ஸி என்பவருடைய பாஞ்சோ வாத்தியத்தை மட்டும் கட்டாயம் எடுத்துவரச் சொன்னார். பாட்டு இல்லாவிட்டால் ஆட்கள் மனமுடைந்து போவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

படகுகளைப் பனிமேல் இழுத்துக்கொண்டு கரையை நோக்கிப் போகப் பார்த்தார்கள். முதல் தடவை மூன்றே நாளில் அந்த முயற்சியை நிறுத்தினார். டிசம்பரில் இரண்டாம் தடவை ஏழு நாள் இழுத்தும் 15 கிலோமீட்டர்கூடப் போகவில்லை. ஆட்கள் நொந்துபோனார்கள். தச்சர் மெக்நீஷ் இனி இழுக்கமாட்டேன் என்று எதிர்த்து நின்றார். ஷாக்கிள்டன் அவரை அடக்கினார். ஆனாலும் இரண்டு நாளில் அந்த இழுப்பையும் விட்டுவிட்டார். மிதக்கிற பனிக்கட்டிமேல் கூடாரம் போட்டுக் காத்திருந்தார்கள். காத்திருப்பதும் ஒரு வேலைதான், நமக்குத்தான் அது வேலையாகத் தெரிகிறதில்லை.

1916 ஏப்ரல் 9-ல் பனி உடைந்தது. மூன்று படகுகளில் ஏறி எலிபெண்ட் தீவு என்ற பாறைத்தீவை அடைந்தார்கள். அந்தப் பக்கம் எந்தக் கப்பலும் வராது. எனவே ஏப்ரல் 24-ம் தேதி, சுமார் ஏழு மீட்டர் நீளமுள்ள ஜேம்ஸ் கேர்ட் என்ற படகில் ஆறு பேர், 1,300 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சவுத் ஜார்ஜியா தீவுக்குப் புறப்பட்டார்கள். உலகத்திலேயே மிகக் கொந்தளிப்பான சமுத்திரம் அது. மெக்நீஷ்தான் பெட்டிப் பலகையையும் கித்தான் துணியையும் வைத்து அந்தப் படகுக்கு மேல்மூடி செய்து கொடுத்தவர், கூடவே பிரயாணமும் செய்தார். மே 10-ம் தேதி கரை சேர்ந்தார்கள்.

சேர்ந்ததோ தீவின் தப்பான பக்கம். திமிங்கல வேட்டைக்காரர் குடியிருப்பு மறுபக்கத்தில் இருந்தது. நடுவில் அதுவரை யாரும் கடக்காத பனிமலை. சோர்ந்துபோன மூன்று பேரைக் கரையில் விட்டு, ஷாக்கிள்டன், வோர்ஸ்லி, டாம் கிரீன் ஆகிய மூவரும் பூட்ஸ் அடியில் படகின் திருகாணிகளை மாட்டிக்கொண்டு 36 மணி நேரம் நடந்து மே 20-ம் தேதி ஸ்ட்ரோம்னஸ் வந்து சேர்ந்தார்கள். நடுவழியில் மற்ற இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள். அந்தக் குளிரில் தூங்கினால் மரணம்தான். ஷாக்கிள்டன் ஐந்தே நிமிஷத்தில் எழுப்பி, அரைமணி நேரம் தூங்கிவிட்டீர்கள் என்று சொல்லி நடக்க வைத்தார்.

அந்த மலையில் நாங்கள் மூன்று பேர் அல்ல, நாலாவதாக ஒருவர் கூடவே நடந்ததுபோல் இருந்தது என்று பிற்பாடு அவர் எழுதி வைத்தார். மற்ற இருவருக்கும் அப்படியே தோன்றியதாம். அக்கினிச் சூளையில் நாலாவது ஆளைக் கண்ட தானியேல் 3-ம் அதிகாரத்தை வாசித்திருக்கிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இனிதான் விடாமுயற்சி. எலிபெண்ட் தீவில் 22 பேர், கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளின் அடியில் நாட்களைக் கழிக்கிறார்கள். ஷாக்கிள்டன் மூன்றே நாளில் ஒரு கப்பலோடு புறப்பட்டார், பனி மறித்தது. ஜூனில் உருகுவே தேசத்துக் கப்பல், மறுபடியும் பனி. ஜூலையில் எம்மா என்ற பாய்மரக் கப்பல், அதுவும் முடியவில்லை. நாலாவதாகச் சிலி தேசத்து யெல்சோ என்ற சின்னக் கப்பல், லூயிஸ் பார்டோ என்பவருடைய தலைமையில். 1916 ஆகஸ்ட் 30-ம் தேதி தீவு கண்ணில் பட்டது. கரையில் நிற்கிற தலைகளை ஷாக்கிள்டன் ஒவ்வொன்றாய் எண்ணினார். இருபத்திரண்டும் இருந்தது!

அவர்களை நாலு மாதம் காத்தவர் யார்? பிஸ்கட் சாப்பிட்ட அந்த வைல்ட்தான். இன்றைக்குத் தலைவர் வரலாம், மூட்டையைக் கட்டுங்கள் என்று ஆட்களை விடாமல் உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தாராம்.

துருவத்துக்கு 180 கிலோமீட்டரில் திரும்பியவரும் இவர்தான், நாலு தடவை கப்பலேறியவரும் இவர்தான். ஒரே மனுஷன், ஒரே கணக்கு. இடம், பெயர், திட்டம், தங்கம், கப்பல் எல்லாவற்றையும் விட்டார். தன்னை நம்பி வந்த ஆளை விடவில்லை.

ஆனால் அவரைப் பரிசுத்தவானாக்கி உங்களுக்கு முன் நிறுத்த எனக்கு மனதில்லை. கண்டத்தின் மறுபக்கத்தில் அவருக்காகச் சாப்பாட்டுச் சேமிப்பு வைக்கப் போன கூட்டத்தில் மூன்று பேர் மரித்தார்கள். 1917 ஜனவரியில் மீதிப் பேரை மீட்க அவரும் கப்பலில் போனார், ஆனால் அந்த மூன்று உயிர் திரும்பவில்லை. எதிர்த்து நின்ற தச்சர் மெக்நீஷையோ அவர் மன்னிக்கவில்லை. மற்ற அநேகருக்கு ராஜாவின் துருவப் பதக்கம் வாங்கிக்கொடுத்தவர், அந்தப் படகைச் செப்பனிட்டுக் கொடுத்த மனுஷனுடைய பெயரைச் சேர்க்கவில்லை. மெக்நீஷ் 1930-ல் நியூசிலாந்தில் ஏழையாய் மரித்தார். தன் சரீரத்தைப் பற்றியும் ஷாக்கிள்டன் கவலைப்படவில்லை. இருதயம் பலவீனப்பட்டும் டாக்டர்களைப் பரிசோதிக்க விடாமல் மறுபடியும் தெற்கே கிளம்பினார். 1922 ஜனவரி 5-ம் தேதி சவுத் ஜார்ஜியாவில் கப்பலிலேயே மாரடைப்பால் மரித்தார். வயது 47. வீட்டுக்கு மிஞ்சியது கடன்.

மெக்நீஷைப் பற்றி வாசித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2008-ல் நானும் என் மச்சானும், அதாவது என் மனைவியின் அண்ணனும், சேர்ந்து ஹாலோ பிளாக் போடும் தொழில் ஆரம்பித்தோம். அவர் ஒரு மனையை விற்றுப் பணம் போட்டார். இரண்டு மழைக்காலம் அடி வாங்கினோம், கடனுக்குக் கல் வாங்கினவர்கள் பணம் தரவில்லை. மாப்ளே, மூடிடலாம், இருக்கிறதையாவது காப்பாத்தலாம் என்று 2010-லேயே அவர் சொன்னார். உமக்கு விசுவாசம் இல்லை என்று ஆட்கள் முன்னால் நான் சொல்லிவிட்டேன். மனைவியின் நகையையும் வைத்து இன்னும் ஒரு வருஷம் ஓட்டினேன். 2011-ல் எல்லாம் போனது. அவரும் எங்கள் வீட்டுப்படி ஏறுவதை நிறுத்திவிட்டார். ஊழியக்காரனாகி மன்னிப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் பண்ணினேன், அவர் வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

பாருங்கள், நான் ஷாக்கிள்டனுக்கு நேர் எதிராகச் செய்திருக்கிறேன். விட வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு, பிடித்துக்கொள்ள வேண்டிய ஆளை விட்டுவிட்டேன். அதற்கு விசுவாசம் என்று பெயரும் வைத்தேன்.

போன வருஷம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்கவைத்து அனுப்பிவிட்டார். இரண்டாவது தடவை வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார், செருப்பு வாசலில் கிடந்தது. மூன்றாவது தடவை உள்ளே கூப்பிட்டார், காபி கொடுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் சரியாகவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் போகிறேன்.

இனி என்னிடம் ஜெபத்துக்கு வந்து, தொடரலாமா விடலாமா என்று கேட்டால் நான் பழைய பதிலைச் சொல்லமாட்டேன். உங்கள் சாப்பாட்டு மூட்டையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பேன். இதைப் பிடித்திருப்பது உன் பெயருக்காகவா, ஒரு ஆத்துமாவுக்காகவா என்று கேட்பேன். பெயருக்காக என்றால் விட்டுவிடு, வெட்கப்படாதே, 180 கிலோமீட்டரில் திரும்பினவருக்கு ராஜா சர் பட்டம் கொடுத்தார். மனுஷருக்காக என்றால் மூன்று தடவை பனி மறித்தாலும் நாலாவது கப்பலைத் தேடு.

கடைசியாக ஒன்று. ஷாக்கிள்டனை சவுத் ஜார்ஜியாவிலேயே அடக்கம் பண்ணினார்கள். வைல்ட் 1939-ல் தென்னாப்பிரிக்காவில் மரித்தார். 2011-ல் வைல்டுடைய சாம்பலைக் கொண்டுவந்து ஷாக்கிள்டனின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எண்டியூரன்ஸ் கப்பலையும் 2022 மார்ச்சில் கண்டுபிடித்தார்கள், 3,008 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. கப்பல் அங்கே ஆழத்தில். பிஸ்கட் வாங்கிச் சாப்பிட்டவர் இங்கே பக்கத்தில்.

விட வேண்டியதை விடுகிற தாழ்மையையும், விடக்கூடாதவர்களை விடாத அன்பையும் கர்த்தர் தாமே எனக்கும் உங்களுக்கும் தந்தருளுவாராக. என் மச்சானுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். ஆமென்.